திருச்சிக்குக் குடி வருகிறீர்களா? வீட்டைப் பார்க்கும் முன் பாலத்தைப் பாருங்கள்

மாசத்துக்கு ரெண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள்: "திருச்சிக்கு மாற்றல் ஆகியிருக்கு, எந்த ஏரியா நல்லா இருக்கும்?" சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறவர்கள் இதைக் கேட்கும்போது ஒரே ஒரு பேரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். தில்லை நகர் என்றோ ஸ்ரீரங்கம் என்றோ சொல்லிவிட்டால் அந்தப் பேரைப் போட்டுத் தேடி, படத்தில் பளிச்சென்று இருக்கிற வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பிவிட்டு நிம்மதியாகிவிடலாம். நான் பேர் சொல்வதில்லை. ஆபீஸ் எங்கே, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே, வாரத்துக்கு மூணு நாலு தடவை கட்டாயம் போக வேண்டிய இன்னொரு இடம் எது என்று கேட்பேன். இந்த மூன்றும் பாலத்துக்கு ஒரே பக்கம் இருக்கிறதா என்பதுதான் இந்த ஊரில் முதல் கேள்வி.

திருச்சி பெரிய ஊர் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்கூட்டரை எடுத்தால் எங்கிருந்து எங்கேயும் சீக்கிரம் போய்விடலாம், அதை வைத்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பகலில் கதை வேறு. வடக்கே காவிரி, அதற்கும் வடக்கே கொள்ளிடம், நடுவில் தீவாக ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். ஊருக்குள்ளே தண்டவாளம், ஜங்ஷனிலிருந்து கரூர் பக்கம் ஒன்று, தஞ்சாவூர் பக்கம் ஒன்று, மதுரைப் பக்கம் ஒன்று என்று பிரிந்து போய் ஊரைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறது. போதாததற்கு நாலு வழிச் சாலை. இத்தனையையும் தாண்டி ஊர் சனம் முழுக்கப் போய்வருவதற்கு இருக்கிற வழி விரல் விட்டு எண்ணக்கூடிய சில பாலங்கள்தான்: காவிரிப் பாலம், ஜங்ஷன் மேம்பாலம், கோட்டை ஸ்டேஷன் பாலம், பொன்மலை ஜி கார்னர் பாலம். இவற்றில் ஒன்றில் ஏதாவது ஆனால் உங்கள் ஆறு கிலோமீட்டர் பதினைந்து கிலோமீட்டராகிவிடும்.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. 2022 ஜூலையில் வந்தபோது அம்மாவுக்குக் கோயில் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஸ்ரீரங்கத்தில் வீடு பிடித்தேன், எனக்கு வேலை புத்தூரில். அருமையான வீடு, திண்ணை, கிணறு, பின்பக்கம் ஒரு முருங்கை மரம். இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் பஸ்ஸில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். ரெண்டு மாதம் கூட ஆகவில்லை, செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க பஸ், கார் எல்லாவற்றையும் பைபாஸ் பாலம் வழியாகத் திருப்பிவிட்டார்கள். 1976-ல் கட்டிய பாலம், மராமத்து அவசியம்தான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் 2023 மார்ச்சில் திறக்கும் வரை காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம் பஸ்ஸிலேயே போனது. அம்மாவுக்கு ஒரு நாள் ராத்திரி நெஞ்சு படபடப்பு வந்தபோது ஆட்டோவில் சுற்றிக்கொண்டு போன அந்த இருபது நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். வாயுத் தொல்லைதான் என்று டாக்டர் சொன்னார், இருந்தாலும் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும்போது அது நமக்குத் தெரியாதே.

ஜங்ஷன் மேம்பாலத்தில் சென்னைப் பக்கம் இறங்க வேண்டிய கை, ராணுவ நிலம் கொஞ்சம் கிடைக்காததால் பல வருஷம் அந்தரத்திலேயே நின்று 2023-ல்தான் முடிந்தது. பொன்மலை ஜி கார்னரில் 2024 ஜனவரியில் பாலத்தின் தடுப்புச் சுவர் சரிந்து போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள். கோட்டை ஸ்டேஷன் பாலத்தைப் புதிதாகக் கட்டுவதற்காக இடித்தார்கள், தில்லை நகரிலிருந்து சத்திரம் பஸ் நிலையம் போகிறவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். இவையெல்லாம் சில வருஷத்துக்குள் நடந்தவை. அதனால் "இப்போ டிராஃபிக் இல்லையே சார்" என்று வீட்டு புரோக்கர் சொல்வதைக் கேட்காதீர்கள். நீங்கள் குறைந்தது ரெண்டு மூணு வருஷம் இருக்கப் போகிறீர்கள், அதற்குள் ஏதாவது ஒரு பாலத்தில் வேலை நடக்கும் என்றே வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

செய்ய வேண்டியது சுலபம். ஒரு தாளில் நாலு இடத்தை எழுதுங்கள்: வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அப்புறம் உங்கள் மனசுக்கு வேண்டிய இடம், அது கோயிலோ பள்ளிவாசலோ மாமியார் வீடோ எதுவாகவும் இருக்கலாம். வீடு பார்க்கும் ஏரியாவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் போக எத்தனை பாலம், எத்தனை சப்வே தாண்ட வேண்டும் என்று எண்ணுங்கள். தினமும் போகும் இடத்துக்கு ஒரு பாலத்துக்கு மேல் இருந்தால் அந்த ஏரியாவை விட்டுவிடுங்கள். வாரம் ஒரு முறை போகிற இடத்துக்கு எத்தனை இருந்தாலும் பரவாயில்லை.

இதை வைத்துப் பார்த்தால் ஊர் தானாகவே பிரிந்துவிடும். வேலை பெல் (BHEL) தொழிற்சாலைப் பக்கமோ துவாக்குடி என்.ஐ.டி. பக்கமோ என்றால் தில்லை நகரில் வீடு எடுத்துக்கொண்டு தினமும் தஞ்சாவூர் ரோட்டில் போய்வராதீர்கள், திருவெறும்பூர், காட்டூர், கைலாசபுரம் பக்கமே பாருங்கள். அங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரைக்கும் நாலு வழிச் சாலைக்கு முறையான சர்வீஸ் ரோடு வேண்டும் என்று மக்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தெரு ரோட்டுக்கு எந்தப் பக்கம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறவர் அந்த நாலு வழிச் சாலையை எங்கே கடப்பார் என்று அந்த இடத்தில் நின்று பாருங்கள். லாரியும் பஸ்ஸும் வருகிற வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். வீட்டு வாடகையில் ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் வேலையும் பள்ளிக்கூடமும் இருக்கிற அதே பக்கத்தில் எடுங்கள். நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் வேலை என்றாலும் ஏறக்குறைய இதே கணக்குதான், அல்லது ஏர்போர்ட் ரோடு.

வேலை கண்டோன்மென்ட், புத்தூர், தில்லை நகர் என்று நடு ஊரில் இருந்தால் உறையூர், புத்தூர், தென்னூர் நன்றாக இருக்கும். தில்லை நகரைப் பற்றி எல்லாரும் உயர்வாகச் சொல்வார்கள், ஒரு காலத்தில் அது வாஸ்தவம்தான், குறுக்குத் தெருக்களுக்கு ஒழுங்காக நம்பர் போட்டு அமைத்த குடியிருப்பு. இன்றைக்கு மெயின் ரோடு முழுக்க ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர், துணிக்கடை, ஹோட்டல். குறுக்குத் தெருவில் உங்கள் வாசலை மறித்து நோயாளியைக் கூட்டிவந்தவருடைய கார் நிற்கும், அவரிடம் கோபப்படவும் மனசு வராது. வீட்டில் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஆள் இருந்தால் மட்டும் அந்த வாடகையைக் கொடுங்கள், மற்றவர்களுக்கு அதே வசதி உறையூரில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும்.

கே.கே.நகர், சுப்பிரமணியபுரம், காஜாமலை, கிராப்பட்டி, எடமலைப்பட்டிப் புதூர் எல்லாம் தெற்கு. பஞ்சப்பூரில் புதுப் பஸ் நிலையம் 2025 ஜூலையில் இயங்கத் தொடங்கிய பிறகு இந்தப் பக்கத்தின் கணக்கே மாறிவிட்டது. சென்னை, மதுரை போகிற வெளியூர் பஸ் அங்கிருந்துதான் என்பதால், வாரா வாரம் ஊருக்குப் போகிறவருக்குத் தெற்குப் பக்கம் சௌகரியம். ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு வெள்ளிக்கிழமை ராத்திரி பை தூக்கிக்கொண்டு பஞ்சப்பூர் போவது லேசான காரியம் இல்லை. ஆனால் பஸ் நிலையத்தைக் காட்டி வாடகையை ஏற்றிக் கேட்கிறார்கள், காலி மனைகளுக்கு நடுவில் தனியாக நிற்கிற வீட்டுக்கும் அதே ரேட். தெரு விளக்கு, சாக்கடை, பால் கடை மூன்றும் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஸ்ரீரங்கத்தை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். வயசானவர்கள் தனியாக நடந்து போய்க் கோயில், காய்கறி, மருந்துக் கடை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி இடம் இந்த ஊரில் வேறு எதுவும் இல்லை, அம்மா அங்கே இருந்த ஒன்றே கால் வருஷமும் சந்தோஷமாக இருந்தாள். வைகுண்ட ஏகாதசிக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் தை அமாவாசைக்கும் உங்கள் தெருவுக்குள் உங்கள் வண்டியே வர முடியாது, அதை மட்டும் வருஷத்தில் சில நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேலையும் ஆற்றுக்கு அந்தப் பக்கமே இருக்கிறவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

சரி, ஏரியா ரெண்டு மூணாகக் குறைந்துவிட்டது. அடுத்தது தண்ணீர்.

காவிரி ஓடுகிற ஊரில் தண்ணீருக்கு என்ன குறை என்று நினைப்பீர்கள். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நேரம் ஒன்று, மிச்ச நேரத்துக்கெல்லாம் போர் தண்ணீர். அந்தப் போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். ஒரு தெருவில் தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருக்கும், நாலு தெரு தள்ளி வாயில் வைக்க முடியாது. வீட்டுக்காரர் "தண்ணிக்குப் பிரச்சினையே இல்லை" என்றுதான் சொல்வார், அவர் பொய் சொல்லவில்லை, தண்ணீர் வருகிறது, எப்படிப்பட்ட தண்ணீர் என்பதுதான் விஷயம். அதனால் வீட்டுக்குள் போனதும் ஹாலைப் பார்க்காதீர்கள். நேரே குளியலறைக்குப் போய்க் குழாயின் மூக்கைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தால் உப்பு, சுவரில் காவி நிறத்தில் ஒழுகிய கோடு இருந்தால் இரும்பு. சோப்பைக் கையில் தேய்த்துப் பாருங்கள், நுரை வருகிறதா என்று. அப்புறம் ஒரு லிட்டர் பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள், சமையலறைக் குழாயில் பிடித்துக்கொண்டு வந்து, தங்கியிருக்கிற இடத்தில் அந்தத் தண்ணீரில் ஒரு கைப்பிடி துவரம் பருப்பை வேகவைத்துப் பாருங்கள். நாலு விசில் விட்டும் பருப்பு முழுசு முழுசாக நின்றால் அந்த வீட்டில் தினமும் சாம்பாருக்குக் கேன் தண்ணீர்தான் வாங்க வேண்டியிருக்கும். இது என் அம்மா சொல்லிக் கொடுத்த வழி. ஸ்ரீரங்கத்தை விட்டு மாறும்போது இப்படித்தான் ரெண்டு வீட்டைத் தள்ளினோம், அதில் ஒன்று புத்தம் புது அபார்ட்மெண்ட், டைல்ஸ் கண்ணைப் பறித்தது, பருப்பு மட்டும் வேகவே இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்: மாநகராட்சித் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் வரும், தொட்டியில் நேரே விழுமா, மோட்டார் போட வேண்டுமா, மோட்டார் சுவிட்ச் யார் கையில்? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், கீழ் வீட்டில் வீட்டுக்காரர் இருந்து சுவிட்ச் அவர் கையில் இருந்தால் உங்கள் காலை முழுக்க அவரைப் பொறுத்ததுதான். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்கா, டேங்க் என்றால் லாரிக்குப் பணம் கொடுப்பது யார் என்றும் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் இல்லாத பிரச்சினை ஒரு பக்கம், தண்ணீர் வீட்டுக்குள் வருகிற பிரச்சினை இன்னொரு பக்கம். கோரையாறும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் புத்தூர் பக்கம் வந்து சேர்ந்து, அதற்கப்புறம் குடமுருட்டியாகக் காவிரியில் விழுகிறது. வெயில் காலத்தில் பார்த்தால் புதர் மண்டிய ஓடை, யாரும் அதை ஆறு என்று சொல்ல மாட்டார்கள். 2005 நவம்பரில் அதே ஓடைகள் உடைத்துக்கொண்டு வயலூர் ரோடு, கருமண்டபம் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது. அந்தத் தெருக்களில் நாற்பது வயசுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும் இடுப்பைத் தொட்டோ மார்பைத் தொட்டோ "இது வரைக்கும்" என்று காட்டுவார்கள். அதற்காக வயலூர் ரோட்டையே விட்டுவிட வேண்டாம், நல்ல காற்றோட்டமான, வாடகை கட்டுப்படியாகிற பகுதி. தெருவின் மட்டத்தையும் வீட்டின் தளத்தையும் பாருங்கள். ரோடு போடப் போட மேலே ஏறிக்கொண்டே வந்து, வீட்டு வாசல்படி ரோட்டை விடக் கீழே போயிருந்தால் தரைத்தளம் எடுக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வகையில் அதிர்ஷ்டம், நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்தால் யாரையும் கேட்கவே வேண்டாம்.

அரியமங்கலம் பக்கம் பார்க்கிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். மாநகராட்சியின் பழைய குப்பைக் கிடங்கு அங்கேதான். பல வருஷக் குப்பையைப் பிரித்து அகற்றும் வேலை நடந்திருக்கிறது, இருந்தாலும் காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை போய் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது நேரத்துக்கு நேரம் மாறும்.

இப்போது சொல்லப்போவது எனக்குப் பிடிக்காத விஷயம், ஆனால் சொல்லாமல் விட்டால் வருகிறவர்கள் வாசலில் நின்று அவமானப்படுவார்கள். "சைவம் மட்டும்", "ஃபேமிலிக்கு மட்டும்", இன்ன ஆட்களுக்குக் கொடுப்பதில்லை என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு "வீடு நேத்தே முடிஞ்சிடுச்சே" என்பார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண், பேரைச் சொன்ன அடுத்த நிமிஷமே வீடு இல்லை என்ற பதிலை ஒரே வாரத்தில் அஞ்சு இடத்தில் வாங்கினாள், அவள் அழுததைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக்காரர்களை என்னால் நல்லவர்கள் என்று சொல்ல முடியவில்லை. இது தப்பு, ஆனால் நடக்கிறது. லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வெயிலில் போய் நின்று கேட்காதீர்கள், போனிலேயே நம் பேர், எத்தனை பேர், கறி மீன் சமைப்போம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சரி என்கிற வீட்டுக்கு மட்டும் போங்கள். பெல், ரயில்வே என்று வெளியூர்க்காரர்கள் தலைமுறையாகக் குடியிருந்த பொன்மலை, திருவெறும்பூர் பக்கம் இந்த விசாரிப்பு எனக்குத் தெரிந்து குறைவு.

பொன்மலையைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது, மரம் இருக்கிற தெருவாகப் பாருங்கள். இந்த ஊர் வெயில் சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டும். ரயில்வே காலனிப் பக்கம் சாலையோர மரங்களுக்கு அடியில் நடந்துவிட்டு, மொட்டையாக மனை பிரித்த புது நகர் ஒன்றில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தை வேறு இருக்கிறது, காய்கறிச் செலவு நன்றாகவே குறையும். நடு ஊரில் இருப்பவர்களுக்குத் தென்னூர் உழவர் சந்தை.

பிடித்த தெருவுக்கு மூன்று தடவை போங்கள். வேலை நாளில் காலை எட்டே காலுக்கு, ஸ்கூல் வேன்களும் ஆபீஸ் போகிறவர்களும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது, உங்கள் ஆபீஸ் வரைக்கும் ஒரு தடவை வண்டியில் போய்ப் பாருங்கள். மத்தியானம் ஒரு தடவை, தெருவே அடங்கியிருக்கும் நேரத்தில், பக்கத்தில் பட்டறை, மாவு மில், கல்யாண மண்டபம் எது இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்க. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தடவை, வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து. விளக்கு எரிகிறதா, நாய்கள் எத்தனை, டாஸ்மாக் எவ்வளவு தூரம், வேலை முடிந்து தனியாக வரும் ஒரு பெண் இந்தத் தெருவில் பயமில்லாமல் நடப்பாளா? வீட்டுப் பெண்களையும் அந்த நேரத்துக்கே கூட்டிக்கொண்டு போங்கள், நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற முக்கு அவர்களுக்கு அப்படித் தெரியாது.

யாரிடம் கேட்பது என்றால், தெருமுனை அயர்ன் வண்டிக்காரர். டீக்கடையில் எல்லாரும் நல்லதே சொல்வார்கள். அயர்ன் வண்டிக்காரர் ஒவ்வொரு வீட்டு மாடியும் ஏறி இறங்குகிறவர், எந்த வீட்டில் குடித்தனக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை மாறுகிறார், எந்த வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் இப்போது இருக்கிற உறையூர் வீட்டை முடிக்கும் முன் ரெண்டு சட்டையைக் கொடுத்துவிட்டு அவர் தேய்த்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று பேசினேன். "மாடி வீட்டை எடுக்காதீங்க தம்பி, மேற்குச் சுவரு, ராத்திரி பன்னெண்டு மணிக்கும் கொதிக்கும், கீழ் வீடு காலியானா அதை எடுங்க" என்றார். ஒரு மாதம் பொறுத்திருந்து கீழ் வீட்டையே எடுத்தோம்.

பணம் கொடுக்கும் முன் இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத வரை, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது, ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். நடைமுறையில் அதற்கு மேல் கேட்கிறார்கள், சட்டத்தை எடுத்துச் சொன்னால் பலர் இறங்கி வருகிறார்கள். மின்சாரத்துக்கு உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா, வீட்டுக்காரர் இணைப்பிலிருந்தே பிரித்துக் கொடுத்த வெறும் சப்-மீட்டரா என்று பாருங்கள். தனி இணைப்பு என்றால் ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும், சப்-மீட்டர் என்றால் வீட்டுக்காரர் சொல்கிற ரேட்தான், அதுவும் மொத்தப் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலை ஏறும். டோக்கன் அட்வான்ஸாக ஆயிரமோ ரெண்டாயிரமோ கொடுத்துத் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டு, மிச்சத்தை அந்த ராத்திரி ஒன்பதரை மணி நடை முடிந்த பிறகு கொடுங்கள்.